சாந்தமாக இருப்பது வெதுவெதுப்பான விசுவாசமா?

காரைக்குடியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ஒரு ஆச்சி வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறார். பிள்ளையார் நோன்பு, பொங்கல் என்றால் ஆச்சி பலகாரம் கொடுத்தனுப்புகிறார், காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருகிறார். இவரும் ஆச்சியை டாக்டரிடம் கூட்டிப் போகிறார், மாத்திரை வாங்கி வருகிறார். ஆனால் இயேசுவைப் பற்றி ஆச்சியிடம் இதுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லை. சபையில் மூப்பராக இருக்கும் சித்தப்பா இதைக் கேள்விப்பட்டு, "நீ குளிரும் இல்லை, அனலும் இல்லை. வெதுவெதுப்பானவள்" என்று சொல்லிவிட்டார். "அன்பாக, சமாதானமாக வாழ்ந்தால் போதாதா? படைத்த பலகாரத்தைச் சாப்பிடுவது தப்பா? சில நேரம் பயந்துதான் பேசாமல் இருக்கிறேனோ என்றும் தோன்றுகிறது" என்று முடித்திருக்கிறார்.

பலகாரத்தைப் பற்றியும் சித்தப்பாவைப் பற்றியும் கேட்டாலும், உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது சாந்தமா, பயமா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டுமே சண்டை போடாது, குரலை உயர்த்தாது. நான் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்து, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பதிலில் அந்தச் சபையின் வாசனை இருக்கும். உங்கள் சபை வேறாக இருந்தால் சில இடங்களில் உங்கள் போதகர் என்னோடு ஒத்துப்போக மாட்டார். அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சித்தப்பா சொன்ன வசனம். வெளிப்படுத்தின விசேஷம் 3ஆம் அதிகாரத்தில் லவோதிக்கேயா சபைக்கு எழுதப்பட்டது அது. அந்தச் சபை ஏன் வெதுவெதுப்பு என்று கண்டிக்கப்பட்டது என்பதற்கு அடுத்த வசனமே காரணம் சொல்கிறது. நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவும் இல்லை என்று அது சொல்லிக்கொண்டதாம். லவோதிக்கேயா பணக்கார ஊர். கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தபோதுகூட ரோம அரசின் உதவி இல்லாமல் சொந்தக் காசிலேயே எழுந்து நின்ற ஊர். யாருடைய தயவும் வேண்டாம் என்கிற அந்த மனம் சபைக்குள்ளும் புகுந்துவிட்டது. பக்கத்து ஊர்களில் ஒன்றில் வெந்நீர் ஊற்றும் இன்னொன்றில் குளிர்ந்த தண்ணீரும் இருந்தன, இரண்டுமே பயன்படும், வெதுவெதுப்பான தண்ணீர்தான் எதற்கும் உதவாது என்று ஆய்வாளர்கள் பலர் விளக்குவார்கள். எனக்கும் அது பொருத்தமாகத்தான் படுகிறது. ஆனால் அது ஊகம், வசனம் அப்படிச் சொல்லவில்லை. வசனம் நேராகச் சொல்லுவது தன்னிறைவைப் பற்றி. பக்கத்து வீட்டாரிடம் மென்மையாக நடந்துகொண்டதற்காக லவோதிக்கேயாவை யாரும் கண்டிக்கவில்லை. அதே பகுதி முடியும்போது ஆண்டவர் வாசற்படியில் நின்று தட்டுகிறார், திறந்தால் உள்ளே வந்து சாப்பிடுவேன் என்கிறார். அவ்வளவு கடுமையாகக் கண்டித்தவர் கதவை உடைத்துக்கொண்டு நுழையவில்லை.

அதற்காகச் சித்தப்பா சொன்னது எல்லாமே தவறு என்று நினைத்துவிடாதீர்கள். மத்தேயு சுவிசேஷம் "நீங்கள் புறப்பட்டுப்போய்" என்ற கட்டளையோடுதான் முடிகிறது. அதை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. நம்பிக்கையை மனதுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்று புதிய ஏற்பாட்டில் எங்கேயும் இல்லை. எப்படிச் சொல்வது என்பதில்தான் சித்தப்பாவும் நானும் வேறுபடுவோம். பேதுருவின் பெயரில் இருக்கும் முதல் நிருபம் 3ஆம் அதிகாரம், உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்கிறது. கேட்கும்படியான வாழ்க்கை, கேட்டால் சொல்லும் ஆயத்தம், சொல்லும்போது மரியாதை, மூன்றும் அந்த ஒரே வசனத்துக்குள் இருக்கின்றன. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கே "அவரை எனக்குத் தெரியாது" என்று பயந்து மறுதலித்தவர் பேதுரு. பயம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் பெயரில் உள்ள நிருபம் பயத்துக்கு மருந்தாக ஆவேசத்தைக் கேட்காமல் சாந்தத்தைக் கேட்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆகவே உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பெரிய வெள்ளிக்கிழமை ஏன் வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போகிறாய் என்று ஆச்சி கேட்டால், நேராகப் பதில் சொல்கிறீர்களா, பேச்சை மாற்றுகிறீர்களா? அலுவலகத்தில் ஒருவர் "நீங்க கிறிஸ்டியனா?" என்றால் உங்கள் குரல் தாழ்ந்துபோகிறதா? உங்கள் எதிரில் ஒருவரைச் சாதி சொல்லி மட்டமாகப் பேசினால் வாய் திறக்கிறீர்களா? பயம் எப்போதும் நம்மைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்க்கும். சாந்தம் எதிரில் இருப்பவரின் மனதைக் காப்பாற்றப் பார்க்கும். ஆச்சியிடம் பேசாமல் இருப்பது வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிடுவார் என்பதற்காக என்றால், அதற்குப் பெயர் பயம்தான். அப்படி இருந்தாலும் ஆண்டவர் அதற்காக உங்களைத் தள்ளிவிட மாட்டார், பேதுருவைத் தள்ளவில்லை. ஆச்சி இன்னும் கேட்கவில்லை, தளர்ந்த வயதில் அவரைக் கலங்கவைக்க மனம் வரவில்லை என்றால் அது வேறு. இரண்டும் கலந்துகூட இருக்கலாம். மனிதர்களிடம் பெரும்பாலும் கலந்துதான் இருக்கும்.

உங்கள் நிலைமைக்கு வேதத்தில் மிக நெருக்கமாக இருப்பது 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரம். நாகமானின் கதை என்று சொல்வோம், ஆனால் அதைத் தொடங்கி வைப்பது பெயர்கூட எழுதப்படாத ஒரு சிறு பெண். இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டு, சீரியப் படைத்தலைவன் வீட்டில் வேலை செய்கிறவள். எஜமானுக்குக் குஷ்டம். சமாரியாவிலிருக்கிற தீர்க்கதரிசியிடம் அவர் போனால் நலமாக இருக்கும் என்று எஜமானியிடம் ஒரு வாக்கியம் சொல்கிறாள். அவ்வளவுதான் அவள் பேசியது. அவர்கள் தெய்வத்தைப் பழிக்கவில்லை, தன்னைப் பிடித்து வந்ததற்கு இதுதான் தண்டனை என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டின் நோயைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சொன்ன ஒரு வார்த்தை. ஆச்சி என்றாவது ராத்திரி தூக்கம் வராமல், வெளிநாட்டில் இருக்கும் மகனை நினைத்து அழுதுகொண்டு உங்கள் கையைப் பிடித்தால், "ஆச்சி, நான் உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்பது அந்தப் பெண் சொன்னதைப் போன்ற ஒரு வார்த்தை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் இரண்டு நிமிடம் மெதுவான குரலில் ஜெபியுங்கள். அந்த ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைக்காதீர்கள்.

அந்த அதிகாரத்தில் இதற்குப் பிறகு வரும் ஒரு பகுதியை நம் பிரசங்க மேடைகளில் அதிகம் கேட்க முடியாது. குணமான நாகமான், இனி கர்த்தருக்கு மட்டுமே பலியிடுவேன் என்கிறான். உடனே ஒரு சங்கடத்தையும் சொல்கிறான். என் அரசர் ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு குனிவார், நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் அதை மன்னிப்பாரா என்று கேட்கிறான். தீர்க்கதரிசி எலிசா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சமாதானத்தோடே போ என்கிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் விளக்கவுரையாளர்கள் ஒருமனப்படவில்லை. அனுமதி கொடுத்தார் என்பவர்கள் உண்டு. புதிதாக விசுவாசித்தவன் மேல் முதல் நாளிலேயே சுமையை ஏற்றவில்லை, அவ்வளவுதான் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். எப்படியானாலும், மனச்சாட்சி உறுத்திக்கொண்டு வந்து நின்ற ஒருவனைத் தீர்க்கதரிசி சமாதானத்தோடு வழியனுப்பினார் என்பதில் சந்தேகம் இல்லை. உங்களுக்கும் முதலில் அதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

இனி பலகாரம். இங்கே எது உறுதி, எது கருத்து வேறுபாடு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பவுல் 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் உணவு நம்மைத் தேவனிடம் நெருங்கவும் வைக்காது, விலக்கவும் வைக்காது என்கிறார், ஆனால் உங்கள் சுதந்தரம் பலவீனமான சகோதரனுக்குத் தடுக்கலாக இருக்கக்கூடாது என்கிறார். 10ஆம் அதிகாரத்தில், விசுவாசியாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு, இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரம் படைத்ததை விலக்கச் சொல்கிறது. ஆக, பண்டிகைக்காக வீட்டில் சுட்ட அதிரசம், பால் பணியாரம், கந்தரப்பம் இவற்றை அன்பாகத் தந்தால் சாப்பிடலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படைத்த பிரசாதம் என்று தெரிந்து தரும்போதுதான் நல்ல கிறிஸ்தவர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். நான் படைத்ததைச் சாப்பிடுவதில்லை. சாப்பிடுகிற சகோதரரைக் குறை சொல்லவும் மாட்டேன். ரோமர் 14ஆம் அதிகாரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்பும் அல்ல, நீதியும் சமாதானமும் பரிசுத்த ஆவியினால் உண்டாகும் சந்தோஷமும் என்று அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது.

எப்படி மறுப்பது என்பது இன்னும் முக்கியம். நம் பக்கம் தட்டில் வைத்துக் கொடுத்ததை வேண்டாம் என்பது, கொடுத்தவரையே வேண்டாம் என்பதுபோல ஆகிவிடும். "எங்களுக்கு இதெல்லாம் ஆகாது" என்று முகத்தைச் சுளித்துச் சொன்ன ஒரு வார்த்தையால் பல வருடப் பழக்கம் முறிந்துபோன வீடுகளை எனக்குத் தெரியும். தேவகோட்டையில் ஒரு ஆச்சி வீட்டுக்கு நான் அடிக்கடி போவேன், அவர் மகனுக்கும் எனக்கும் நல்ல பழக்கம். படைத்ததை நான் சாப்பிடுவதில்லை என்பதை ஒருமுறை தனியாக உட்கார்ந்து, அவர் சாமியைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல், என் நம்பிக்கை இப்படி என்று மட்டும் சொன்னேன். அடுத்த பண்டிகைக்கு ஒரு தூக்குச்சட்டி வீட்டுக்கு வந்தது. பின்னாலேயே ஆச்சியின் குரல் போனில்: "ஐயா, இது தனியாச் சுட்டது. சாமிக்குப் படைச்சது இல்லை. தைரியமாச் சாப்பிடுங்க." அந்த வயதில் அடுப்படியில் இரண்டாவது முறை நின்று எனக்காகச் சுட்டிருக்கிறார். கிருபை என்பதை நான் கல்லூரியில் படித்தேன். அதை அனுபவித்த இடங்களில் அந்தத் தூக்குச்சட்டியும் ஒன்று. நாம்தான் அன்பைக் கொண்டுபோய் அவர்களுக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அவர்கள் நமக்குக் கொடுப்பது கண்ணில் படாது.

திருப்பிக் கொடுக்கும்போதும் அதே கவனம் வேண்டும். கிறிஸ்துமஸ் மார்கழியில் வருகிறது. கார்த்திகை தீபத்துக்கு 21ஆம் நாளை ஒட்டி வரும் பிள்ளையார் நோன்பும் பல வருடங்களில் அதற்குப் பக்கத்திலேயே வந்துவிடும். ஆச்சி விரதத்தில் இருக்கலாம். நீங்கள் கொண்டுபோகும் கேக்கில் முட்டை இருந்தால், உங்கள் மனம் நோகக்கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டு அவர் தவித்துப்போவார். முன்னாடியே கேட்டு, முட்டை போடாததாகச் செய்து கொடுங்கள். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கும்போது, குன்றக்குடி, நத்தம் வழியில் கால் வெடித்து வரும் முதியவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று எங்கள் சபை வாலிபர்கள் என்னிடம் கேட்டதுண்டு. சத்துருவுக்குத் தாகமாயிருந்தாலே பானம் கொடு என்று ரோமர் 12 சொல்கிறது. இவர்கள் சத்துருக்களும் இல்லை, நம் தெருக்காரர்கள். தண்ணீர் கொடுங்கள், தண்ணீரோடு துண்டுப் பிரசுரம் கொடுக்காதீர்கள் என்றேன். இது என் தீர்மானம். பிரசுரமும் கொடுக்கத்தான் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். தாகத்தில் இருப்பவரை வைத்துக்கொண்டு அப்படிச் செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, இதற்கெல்லாம் வேர் எங்கே? எபேசியர் 2ஆம் அதிகாரம், கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு என்கிறது. இதை மெய்யாகவே நம்புகிறவருக்கு, தன் விசுவாசம் எவ்வளவு சூடு என்று யாரிடமும் காட்ட வேண்டிய அவசியம் போய்விடுகிறது. வாதத்தில் ஜெயிக்க வேண்டியதில்லை, ஆச்சியின் மனமாற்றத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதும் இல்லை. சமாரியர் கிராமம் ஒன்று இயேசுவுக்கு இடம் கொடுக்க மறுத்தபோது, வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கட்டளையிடவா என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்கள். லூக்கா 9ஆம் அதிகாரத்தில் இயேசு திரும்பி அதட்டியது அந்தக் கிராமத்தை இல்லை, தம்முடைய சீஷர்கள் இருவரையும். அவர் கடுமையாகப் பேசியது உண்மை. காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தார், விரியன்பாம்புக் குட்டிகளே என்றார். அந்தக் கடுமை பெரும்பாலும் மதத்தின் பெயரால் அதிகாரம் செலுத்தியவர்கள் மேல்தான் விழுந்தது. ரோம நூற்றுக்கதிபதியையோ கிணற்றடிச் சமாரியப் பெண்ணையோ அவர் அப்படி நடத்தவில்லை. மகளுக்காக உதவி கேட்டு வந்த கானானியப் பெண்ணிடம், பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்று பேசிய வார்த்தை மட்டும் இன்றைக்கும் என்னைச் சங்கடப்படுத்துகிறது. அதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் எதுவும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. கடைசியில் அவளுடைய விசுவாசத்தைப் பெரிது என்றார் என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆச்சியிடம் சாந்தமாக இருப்பது உங்களுக்குச் சிரமமாக இருக்காது, அவர் உங்களிடம் அன்பாக இருக்கிறார். சித்தப்பாவிடம் சாந்தமாக இருப்பதுதான் கடினம். "சித்தப்பாவைப் போல நான் இல்லை, நான் அன்பான கிறிஸ்தவள்" என்று மனதில் ஒரு சின்ன நிம்மதி எழுந்தால், லூக்கா 18இல் நான் இந்த ஆயக்காரனைப் போல இல்லை என்று ஜெபித்த பரிசேயனின் இடத்துக்கு நாம் வந்துவிட்டோம் என்று அர்த்தம். அவருடைய வேகத்துக்குப் பின்னால், அண்ணன் மகள் வழி தவறிவிடுவாளோ என்கிற பயம் இருக்கலாம். அவருக்கும் கிருபை வேண்டும், அதை உங்களிடமிருந்து அவர் பெறலாம்.

இன்னொன்று. சமாதானம் என்று சொல்லிக் காயத்தை மூடக்கூடாது. எரேமியா 6ஆம் அதிகாரம் இதை "மேற்பூச்சாய்க்" குணமாக்குவது என்கிறது. சாதிக்கொரு கல்லறை வைத்துக்கொண்டு, அதைப் பேசினால் சபையின் சமாதானம் கெட்டுவிடும் என்று சொல்லும் இடங்கள் நம் தமிழ்ச் சபைகளில் இருக்கின்றன. அது சமாதானம் இல்லை. அடிக்கிற கணவனோடு பொறுமையாக இரு, ஜெபம் பண்ணு என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதும் சாந்தம் இல்லை. அவளைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோவதும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்துக் கொடுப்பதும், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்புக் கேட்க உதவுவதும்தான் அங்கே அன்பு. எண்ணாகமம் 12 பூமியிலேயே மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று சொல்வது மோசேயை, பார்வோன் எதிரில் போய் நின்றவரை.

தேவகோட்டையிலிருந்து திருவாடானைப் பக்கம் போனால் ஓரியூர். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி இயேசு சபைத் துறவி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே வெட்டப்பட்டார். லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தவர், இங்கே காவி உடுத்தி, புலால் விட்டு, நம் மக்களின் வழக்கத்துக்குத் தன்னை மாற்றிக்கொண்டார். சாந்தத்தையும் துணிவையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் நமக்குப் பக்கத்திலேயே அவர் இருக்கிறார். ஆனால் அந்தச் சரித்திரத்தில் ஒரு பகுதியை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரம் அரசர் சேதுபதியின் உறவுப் பெண், அவருடைய முறையீடுதான் அரசரின் கோபத்துக்குக் காரணம் என்று சொல்வோம். அந்தப் பெண்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று நம் பிரசங்கங்களில் யாரும் கேட்பதில்லை. புனிதரை மதிக்கிற நாம் அதையும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தினசரி வாழ்க்கைக்கு நான் சொல்வது குறைவுதான். காலையில் ஒரு சுவிசேஷப் பகுதியை மெதுவாகப் படியுங்கள், கைபேசியில் கோபமாகக் கத்தும் பிரசங்கங்களைக் கொஞ்ச காலம் நிறுத்தி வையுங்கள். இரவில் ஆச்சியையும் சித்தப்பாவையும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். ஞாயிறு ஆராதனையையும் திருவிருந்தையும் விடாதீர்கள், தனியாக இருந்து யாரும் சாந்தத்தைக் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் பேசாமல் இருப்பது பயத்தினாலா என்பதை முகம் தெரியாத நான் இங்கிருந்து முடிவு செய்ய முடியாது. உங்களை அறிந்த, வாயைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஒரு மூத்த விசுவாசியிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள்.

சித்தப்பாவிடமும் பேசுங்கள். ஆராதனை முடிந்த கையோடு கோயில் வாசலில் வேண்டாம், அங்கே நாலு பேர் காது கொடுத்து நிற்பார்கள், அவரும் மூப்பராகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள், சித்தியும் கூட இருக்கட்டும். நீங்கள் சொன்னது மனதில் தைத்தது, ஆனாலும் யோசித்தேன் என்று தொடங்குங்கள். ஆச்சியின் உடம்புக்கு என்ன செய்கிறது, மகன் எங்கே இருக்கிறார், எதை நினைத்துக் கலங்குகிறார் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். பிறகு ஆச்சிக்காக உங்களோடு சேர்ந்து ஜெபிக்கச் சொல்லிக் கேளுங்கள்.